ஹெல்மெட்டுத் தையல்

ஆடுகிறது. விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே ஆடுகிறது. மரகதம் மறுபடி தொட்டுப் பார்த்தாள், மறுபடியும் ஆடியது. காத்து வர்ற வரைக்கும் இதை வச்சிரும்மா, மண்டை வேகுது என்று சுபிக்ஷா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் போட்டுவிட்டுப் போய்க் கால் மணி நேரம் இருக்கும். உள்ளே மகளின் தலைச்சூடு இன்னும் ஆறவில்லை. விடியக்காலை ஐந்தரைக்குத் தடவிவிட்ட தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது, வேண்டாம் வேண்டாம் என்று ஓடினவளைப் பிடித்து உட்காரவைத்துத் தடவியது. வெளியே உச்சியில், நெற்றிக்குக் கொஞ்சம் மேலே, அந்தக் கேமரா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு, முன்னால் ஒற்றைக் கண்ணாடிக் கண்ணு. இத்தனூண்டு சாமான் மகளோடு ஆகாசத்துக்குப் போகப்போகிறது, பெத்தவள் இந்த வெள்ளைக்கரட்டு மலை உச்சியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கப்போகிறாள். நல்ல நியாயம்தான். எதிரே சரிவில் ஏழெட்டுப் பேர் கலர்கலராகத் துணியை விரித்துப் போட்டுக்கொண்டு காற்றுக்குக் காத்திருந்தார்கள். காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று காட்ட மூங்கிலில் கட்டின காற்றுப்பை தொங்கிக் கிடந்தது. பாராசூட்டு என்று சொன்னால் சுபிக்குக் கோபம் வரும், பாராசூட் இல்லைம்மா, இது வேற, இதுல குதிக்கிறதில்லை, பறக்கிறது என்பாள். என்னத்தையோ ஒண்ணு. இதுவரைக்கும் பொட்டக்காட்டு மேட்டிலிருந்து ஓடி ஓடிப் பழகினது, கால் தரையைவிட்டு ஆளுயரம்கூடப் போனதில்லை. இன்றைக்குத்தான் முதல்தடவை, இவ்வளவு உசரத்திலிருந்து, தனியாக. சரிவு எட்டுப் பத்துத் தப்படிக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் வெறும் வெளிச்சம். வெளிச்சத்துக்கு அந்தப்பக்கம் வெகு கீழே கொல்லைக்காடும் ஓட்டு வீடும் இருந்தன. மரகதம் அந்தப்பக்கம் பார்க்காமல் கேமராவையே பார்த்தாள்.

ஆடுகிற சாமானை மரகதத்தால் சும்மா விட முடியாது, அது அவள் கைக்குப் பிடித்த வியாதி. சங்ககிரி பைபாஸில் லாரித் தார்பாய் தைக்கிற கொட்டகையில் பத்தொன்பது வருசமாகக் குந்தியிருக்கிறவள். லோடு ஏற்றின லாரியின் மேல் போர்த்திக் கட்டுகிற தார்பாயில் ஓரம் மடித்து, கயிறு போடுகிற வளையத்துக்கு மூன்று புரி நைலான் நூலில் மெழுகு ஏற்றி, உள்ளங்கையில் தோல் பட்டையை மாட்டிக்கொண்டு கோணி ஊசியை அழுத்தித் தள்ளவேண்டும். ஒரு வளையத்துக்குப் பதினாறு தையல். மற்றவர்கள் பன்னிரண்டோடு விட்டுவிடுவார்கள், இவள் பதினாறு போடாமல் நூலை அறுக்கமாட்டாள். டிரைவர்மார் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அக்கா இருக்குதா, அக்கா கையிலதான் தைக்கணும் என்பார்கள். பஞ்சாப் வரைக்கும் போய் வந்த தார்பாய் நார்நாராகக் கிழிந்து வரும், அவள் தையல் மட்டும் அப்படியே கெட்டியாக இருக்கும். ஒருத்தன் வந்து அக்கா, தார்பாய் போச்சு, தையலை மட்டும் வச்சுக்கறேன் என்று கிண்டல் பண்ணினான். சிரித்தாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மரகதம் கட்டினது அவிழாது, மரகதம் தைத்தது பிரியாது. வேறு என்ன தெரியும் அவளுக்கு? பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. அதனால்தான் சேலத்துக் கடையில் அந்தக் கேமராவைப் பிடித்து லேசாக இழுத்ததும் அது சட்டென்று கையோடு வந்தபோது அவளுக்குச் சீ என்று ஆகிவிட்டது.

கேமரா வேண்டும் என்றது அவள்தான், சுபி இல்லை. அவனவன் ஆட்டுக்குட்டிக்குப் புல்லுப் போடறதக்கூட வீடியோ எடுத்துப் போடறான், நீ வானத்துல பறக்கற, எடுக்க வேண்டாமா கண்ணு என்றாள். சுபி ஆச்சரியமாகப் பார்த்தாள், பறக்காதே பறக்காதே என்று ஒரு வருசம் மல்லுக்கட்டினவளா இது என்று. கடைக்காரப் பையன் மூன்று கேமராவை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தான். ஒன்றில் பின்பக்கம் சின்னதாகத் திரை, எடுக்கிறது அதிலேயே தெரியும். ஒன்று உருண்டையாக, குங்குமச் சிமிழ் மாதிரி. மூன்றாவது தண்ணிக்குள்ளே போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றான். தண்ணி கிடக்கட்டும் தம்பி, கீழ விழுந்தா உடையுமா என்று கேட்டாள். எவ்வளவு உசரத்துல இருந்துங்க்கா என்று அவன் கேட்டான், சாதாரணமாகத்தான் கேட்டான். மரகதம் சுபியைத் திரும்பிப் பார்த்தாள். சுபி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனே புரிந்துகொண்டதுபோல, கேமரா நொறுங்கினாலும் உள்ள இருக்கற கார்டு தப்பிச்சுருங்க்கா, எடுத்ததெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும் என்று நகத்தளவு ஒரு சில்லை உருவிக் காட்டினான். அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இதற்குள்ளேயா? ஒரு ஆளு கடைசியாகப் பார்த்ததெல்லாம் இதற்குள்ளேயா? மூன்றாவதையே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். எங்கே மாட்டுவது என்று அப்புறம் ஒரு பஞ்சாயத்து. நெஞ்சில் கட்டுகிற பட்டை ஒன்று காட்டினான், அது வேண்டாம், பெல்ட்டு மறைக்கும், முழங்கால்தான் தெரியும் என்று சுபி சொன்னாள். கையில் கட்டினால் கை போகிற பக்கமெல்லாம் அதுவும் போகும். தலைதான் சரி. கேமராவைப் பொருத்த ஹெல்மெட்டில் ஒட்டுகிற வட்டத்தில் இரண்டு மூன்று சாதி இருந்தது. சுபி தேடி எடுத்தது இந்தப் பிளாஸ்டிக் கொக்கி போட்டது. அதைத்தான் மரகதம் இழுத்தாள், அதுதான் கையோடு வந்தது. என்ன தம்பி இது, தொட்டா கழண்டுக்குது என்றாள். அந்தப் பையன், அக்கா, அது அப்படித்தான் கழண்டு வரணும், ஏன்னா என்று ஆரம்பித்தான். அதற்குள் சுபி, சரி சரி, பில்லுப் போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வெடுக்கென்று குறுக்கே விழுந்தாள். விழுந்ததோடு விட்டாளா? அவனைப் பார்த்துக் கண்ணாலே ஒரு சாடை. மரகதம் அதைப் பார்த்துவிட்டாள்.

அந்தச் சாடைதான் ஒரு வாரமாக நெஞ்சில் முள்ளு. என்ன அர்த்தம் அதுக்கு? எங்கம்மா இப்படித்தான், படிக்காதவ, கடையில வந்து நோண்டிக்கிட்டு நிப்பா, நீங்க கண்டுக்காதீங்க என்றுதானே? வேறு என்னவாக இருக்கும்? ஈரோட்டில் ஜவுளிக் கம்பெனியில் டிசைன் போடுகிற பிள்ளை, நாலு பேரோடு இங்கிலீசில் பேசுகிற பிள்ளை. வெட்கப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். ஆனாலும் அந்தப் பையன் பாதியில் விட்ட பேச்சு இருக்கிறதே. அது அப்படித்தான் கழண்டு வரணும், ஏன்னா. ஏன்னா? மட்டமான சரக்கு விற்கிறவன் எல்லாரும் சொல்கிறதுதான். சாயம் போகிற துணிக்காரனும் அது அப்படித்தாங்க முதத் தண்ணிக்குப் போகும் என்பான். இத்துப்போன கயிறு விற்கிறவனும் அது அப்படித்தான் என்பான். கழண்டு வருவதற்கென்று யாராவது ஒரு சாமானைச் செய்வார்களா, உலகத்தில் எங்காவது உண்டா? அவள் ஊசியால் ஹெல்மெட்டின் காற்றுப் போகிற ஓட்டையைக் குத்திப் பார்த்தாள். ஊசி எப்போது பையிலிருந்து கைக்கு வந்தது? அவளுக்கே தெரியவில்லை. பையில் எப்போதும் ஊசி, நூல்கண்டு, காகிதத்தில் சுற்றின அரை பிளேடு மூன்றும் கிடக்கும், கல்யாணத்துக்குப் போனாலும் கிடக்கும். ஓட்டைகள் கேமராவுக்கு இரண்டு பக்கமும் வாகாக இருந்தன, தைக்கவென்றே விட்டது மாதிரி. நூலும் கறுப்பு, ஹெல்மெட்டும் கறுப்பு, தெரியவே தெரியாது. ஸ்டீபன் சார், அந்தப் பறக்கிற வாத்தியார், எட்டு மணிக்கே எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், கொக்கியைத் தட்டிப் பார்த்தார், கேமராவையும் ஒரு ஆட்டு ஆட்டி, ம், சரி என்றார். ஆடுவது என்ன சரி? ஆம்பளைகளுக்குத் தையல் என்றால் என்ன தெரியும்? முதல் குத்து உள்ளே போனது.

அன்றைக்கும் ஆடியது. பதினொரு வருசமாச்சு, ஆனாலும் அந்தக் காலை ஏழு மணி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஜவ்வரிசி மூட்டை லோடு, வடக்கே போகிற வண்டி. அவள் புருசன் செங்கோட்டுவேலு ஏறி உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கி, வரட்டுமா என்று கை காட்டிவிட்டுக் கிளப்பினார். வண்டி ரோட்டில் திரும்பும்போது பார்த்தாள், பின்னால் இடதுபக்க மூலையில் தார்பாயின் ஒரு முனை கயிறு அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்துவிட்டது. ஏனுங்க என்கிற சத்தம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? யாராவது கூப்பிடுவார்களா? போகிற காரியம் விளங்குமா? சின்னப் பிள்ளையிலிருந்து படிந்த பழக்கம், வாயை மூடிக்கொண்டுவிட்டாள். பைபாஸ் டீக்கடையில் எப்படியும் நிறுத்துவார், இறங்கினால் பார்ப்பார், இழுத்துக் கட்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் இட்லிக்கு ஊறப்போட்டாள். மூன்றாம் நாள் போன் வந்தது. வேற ஸ்டேட்டு, ஏதோ மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, வண்டி பள்ளத்துல. தூங்கிட்டாரு என்று போலீசு சொன்னது. வேகமாப் போயிட்டாரு என்றார் வண்டி முதலாளி. பிரேக்குப் பிடிக்கலையாம் என்று எவனோ சொன்னான். பார்த்தது யார்? ஒருத்தர்கூட இல்லை. மாற்று டிரைவர் முந்தின ஊரிலேயே வயிற்றுவலி என்று இறங்கிவிட்டான். அவரை அதே தார்பாயில்தான் சுற்றிக் கொண்டுவந்தார்கள், அவள் தைத்தது. அத்தனை அழுகையிலும் அவள் கண் தையலுக்குப் போனது, பாவி கண்ணு. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

தார்பாய் முனை கண்ணாடியில் வந்து அடித்திருக்குமோ? சரி பண்ண நிறுத்தி இறங்கினபோது வண்டி உருண்டிருக்குமோ? இல்லை நிஜமாகவே தூங்கிவிட்டாரோ? டீக்கடையில் நிறுத்தினாரா, நிறுத்தவில்லையா? இழுத்துக் கட்டியிருந்தால் நாம் பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டாமல் போயிருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும், நின்று திரும்பிப் பழையபடி வண்டி ரோட்டில் திரும்புகிற இடத்துக்கே போய் நிற்கும். பதினொரு வருசமாக எத்தனையோ தார்பாய் தைத்தாயிற்று, ஒவ்வொரு வளையத்தையும் தைக்கும்போது இந்தச் சுற்று ஒருமுறை சுற்றிவரும். யாரிடமும் சொன்னதில்லை. சுபியிடம் சொன்னதே இல்லை. அப்பா ஏம்மா விழுந்தாங்க என்று பன்னிரண்டு வயசில் கேட்டாளே, யாருக்குக் கண்ணு தெரியும் என்றுதான் சொன்னாள். தெரியாது என்பது நிஜம்தான். ஆனால் கயிறு அவிழ்ந்ததைப் பார்த்தேன் என்று சொல்லவில்லையே. அதனால்தான் கேமரா. மகள் என்ன நினைக்கிறாளோ, சந்தோசத்துக்கு என்று நினைக்கட்டும். இனிமேல் இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் என்ன நடந்தது என்று தெரியவேண்டும், யாரும் பார்க்கவில்லை என்கிற ஒரு பேச்சு இருக்கக்கூடாது. இந்தக் கண்ணு பார்த்துக்கொண்டே இருக்கும். அடச்சீ. ஊசி நின்றது. என்னத்துக்காக இதைத் தைக்கிறோம்? மகள் நல்லபடியாக வருவாள் என்றால் எதற்கு இது? வரமாட்டாள் என்றா நினைக்கிறோம்? நெஞ்சு, கை, தலை என்று கடையில் நின்று இடம் பார்த்தது எதற்கு? மகள் விழுவதை எங்கேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்றா? சாமி, சாமி, திருச்செங்கோட்டு மலையானே, என்ன புத்தி இது. கை மட்டும் தன்பாட்டுக்குப் பழையபடி ஓட ஆரம்பித்தது. எட்டு, ஒன்பது. கேமரா கழண்டு எங்கேயாவது காட்டுக்குள் விழுந்துவிட்டால் மறுபடி தெரியாது, மறுபடி போலீசு சொல்கிறதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். பத்து. கழலக் கூடாது. என்ன ஆனாலும் இது மட்டும் கழலக் கூடாது. பதினாறாவது தையலில் இரட்டை முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கப்போய், பல்லுக்கு மசியாமல், பிளேடால் அறுத்தாள்.

இப்போது விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆடவில்லை. ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள், கேமராவை மட்டும் பிடித்துத் தூக்கினாள், மொத்த ஹெல்மெட்டும் கூடவே வந்தது. அப்பாடா. ஒரு வாரத்து முள்ளு பிடுங்கினமாதிரி இருந்தது. அப்போதுதான் கழுத்தில் குளுகுளுவென்று ஏதோ பட்டது. நிமிர்ந்து பார்த்தாள், காற்றுப்பை மெதுவாக எழுந்து நீண்டது. சரிவெல்லாம் ஒரே பரபரப்பு. சுபி ஓடி வந்தாள், இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் பெல்ட்டு, முதுகில் மூட்டை, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அப்பன் சிரிப்பு. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் வருமே, அதே சிரிப்பு.

"குடும்மா, காத்து வந்துருச்சு. எனக்கு முன்னாடி ஒருத்தர், அப்பறம் நான்தான்."

"கண்ணு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ."

"வந்து குடிக்கிறேன். கீழ ஜீப்புல வந்துரு, பாத்து வா. பயப்படாம இரும்மா, உன்ற மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமாயிரும் போல."

அவள் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் கவிழ்த்தாள், தாடைக்குக் கீழே கொக்கியைப் போட்டாள், கேமராவில் எதையோ அமுக்கினாள், படம் பிடிக்க ஆரம்பித்ததற்கு அடையாளமாகச் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. நூலைப் பார்க்கவில்லை. கறுப்பில் கறுப்பு. கழலாத மாதிரி தெச்சுட்டேன் கண்ணு என்று சொல்ல வாய் வந்தது, கடையில் பார்த்த அந்தச் சாடை ஞாபகம் வந்து தடுத்தது. வேண்டாம், வந்ததுக்கப்புறம் பார்த்துக்கலாம், பார்த்துவிட்டு அவளே சிரிக்கட்டும். ஸ்டீபன் சார் இந்தப்பக்கம் வந்து, கல்லில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரிடமும் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுங்க. ஓட ஆரம்பிச்சவங்களப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, கத்தாதீங்க. திரும்பிப் பாத்துட்டா வம்பாயிரும்." கூப்பிடுவார்களா சார் யாராவது, போகிறவர்களைப் பின்னாலிருந்து? மரகதம் தலையை ஆட்டினாள். அது அவளுக்குத் தெரிந்த சட்டம்தான்.

முதலில் கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர், தாடி வைத்தவர், வெள்ளைக் காலணி. அவர் தலையிலும் ஒரு கேமரா, சுபியுடையது மாதிரியே. பின்னால் பச்சைத் துணி புல்லின் மேல் விரிந்து கிடந்தது, அதிலிருந்து நூறு நூல் அவர் தோளுக்கு வந்தது, தறியில் ஓடுகிற பாவு நூல் மாதிரி நெருக்கமாக. குனிந்து ஓடினார். துணி பின்னால் புஸ்ஸென்று எழும்பியது, நூலெல்லாம் ஒன்றாக விறைத்து இரண்டு காதோரமும் மேலே ஏறின. அந்த நேரம் பார்த்துக் காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. துணி சாய்ந்தது, இடதுபக்கத்து நூல்கள் அவர் தலைமேல் வந்து விழுந்து கேமராவில் சுற்றின. மனுசன் தலை பின்னால் வெட்டி இழுத்தது. அடுத்த நொடி பட்டென்று ஒரு சத்தம். கேமரா தெறித்துப் புல்லில் விழுந்தது, நூல் விடுபட்டு மேலே போனது, துணி நேரானது. அவர் ஓடி, கால் எடுத்து, வெளிச்சத்துக்குள் போய்விட்டார். புல்லில் உருண்ட கேமராவை ஒருத்தன் எடுத்துத் துடைத்தான். "பாத்தீங்களா, கழண்டுச்சு. இல்லேன்னா அந்தரத்துல தலையில நூலு மாட்டிக்கிட்டு, துணி மடங்கி," என்று பக்கத்தில் யாரோ யாரிடமோ சொன்னார்கள். சொன்னவர் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையில்லை. அக்கா, அது அப்படித்தான் கழண்டு வரணும், ஏன்னா. ஏன்னா நூலு சிக்கினா விட்டுரணும். அதுக்குத்தான் அது ஆடியது. அதுக்குத்தான் சுபி தேடித் தேடி அந்தக் கொக்கியை எடுத்தாள். அந்தச் சாடை. அய்யோ, அந்தச் சாடை வெட்கமில்லை, அம்மாகிட்டச் சொல்லாதீங்க, சொன்னா பயந்துருவாங்க என்கிற சாடை. எல்லாரும் எல்லாரையும் பயப்படுத்தாமல் இருக்கிறதிலேயே இருக்கிறோம். பதினாறு தையல். இரட்டை முடிச்சு. மெழுகு போட்ட மூன்று புரி. மரகதம் தைத்தது பிரியாது. பிரியவே பிரியாது, தலையோடுதான் வரும். மரகதம் எழுந்துவிட்டாள், கால் எழுந்ததா அவள் எழுந்தாளா தெரியவில்லை. சுபி அங்கே போய் நின்றுவிட்டாள், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மஞ்சள் துணி பின்னால் விரிந்து கிடக்கிறது. நூலைப் பிரித்துப் பார்க்கிறாள், சரி பண்ணுகிறாள், ஸ்டீபன் சார் கையைத் தூக்கியிருக்கிறார். சார் என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை, தொண்டையில் வெறும் காற்றுத்தான் வந்தது. சுபி என்று கத்தலாம். ஓடத்தொடங்கிவிட்டால் திரும்பிப் பார்ப்பாள், திரும்பினால் நூல் சிக்கும், சிக்கினால் கழலாது. கத்தாமல் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு, காற்று நேராக இருக்கும், ஒன்றும் ஆகாது, பைபாஸ் டீக்கடையில் எப்படியும் நிறுத்துவார், இறங்கினால் பார்ப்பார், இழுத்துக் கட்டிவிடுவார் என்று மறுபடி உள்ளே போய் இட்லிக்கு ஊறப்போடலாம். படபடவென்று தார்பாய் அடிக்கிற சத்தம் கேட்டது, நிஜமாகவே கேட்டது, மஞ்சள் துணியின் ஓரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சாரின் கை இறங்கியது. சுபி குனிந்தாள்.

பின்னாலிருந்துதானே கூப்பிடக் கூடாது. முன்னால் போகலாமே. இந்தச் சின்ன விசயம் பதினொரு வருசமாக இந்த மண்டைக்கு உறைக்கவில்லையே, வண்டிக்கு முன்னால் ஓடிப்போய் நின்றிருக்கலாமே, ரோட்டைக் குறுக்கே கடந்தால் கீழே சாலைமுக்கில் பிடித்திருக்கலாமே. சேலையை முழங்காலுக்கு மேல் அள்ளிச் சொருகினாளோ இல்லையோ, சரிவில் பக்கவாட்டாக ஓடினாள். செருப்பு ஒன்று போனது. அக்கா, அக்கா, தள்ளுங்க என்று யாரோ அலறினார்கள். கல்லு பாதத்தைக் கிழித்தது. மகளுக்கு முன்னால், ஆறு தப்படி கீழே, போய் விழுந்து எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள், முதுகுப்பக்கம் ஒன்றுமே இல்லாத அந்த வெளிச்சம். முதுகு சில்லென்று இருந்தது. மேலேயிருந்து சுபி ஓடிவருகிறாள், பின்னால் மஞ்சளாக ஒரு மலையே எழும்புகிறது, நெற்றிக்கு மேலே சிவப்பு விளக்கு, ஒற்றைக்கண்ணு நேராக இவளையே பார்த்துக்கொண்டு வருகிறது. மகளின் கண்ணு அதற்குக் கீழே அகலமாகத் திறந்தது. "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று சார் கத்தினார். சுபி இரண்டு கையிலும் பிடித்திருந்த பிரேக்குக் கயிற்றை இடுப்புக்குக் கீழே இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

துணி தலைக்கு மேலே வந்து, தடுமாறி, ஒருபக்கமாகச் சரிந்தது. நூலெல்லாம் மகளின் தலைமேல் கொட்டின. காற்று துணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று இழுத்தது. சுபியின் தலை பின்னால் வெட்டிச் சாய்ந்தது, கழுத்து வளைந்தது, அம்மா என்று ஒரு சத்தம். ஆளே புல்லில் தரதரவென்று இழுபட்டாள். நாலு பேர் ஓடிப்போய்த் துணியின்மேல் விழுந்து அமுக்கினார்கள். ஸ்டீபன் சார் மண்டியிட்டுக் கேமராவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முறுக்கி இழுத்தார். வரவில்லை. இரண்டு நூல் அதில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அவர் குனிந்து கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தார், கறுப்பில் கறுப்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி, சரிவு முடிகிற இடத்தைப் பார்த்தார்.

"யாருங்க தைச்சது இதை?"

"நான்தானுங்க," என்றாள் மரகதம்.

அவள் தவழ்ந்து மேலே வந்தாள், பையைத் தூக்கிவரச் சொன்னாள், காகிதத்தைப் பிரித்து அரை பிளேடை எடுத்தாள். மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தன் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். சுலபத்தில் அறுபடவில்லை, மெழுகு போட்ட நூல், கரகரவென்று நாலைந்து தரம் அறுத்தால்தான் ஒரு புரி போனது. விரலில் ரத்தம் வந்தது, அதைச் சேலையில் துடைத்துவிட்டு அறுத்தாள். சுபியின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

"கிறுக்கா உனக்கு? அப்படியே பின்னால போயிருந்தீன்னா? கூப்பிட்டிருக்கலாமில்ல? ஓடறதுக்கு முன்னாடியே ஒரு தரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமில்லம்மா?"

"பின்னால இருந்து கூப்பிடக்கூடாதுன்னு," என்று மரகதம் சொல்லி நிறுத்தினாள். கடைசித் தையல் அறுந்து கேமரா அவள் உள்ளங்கைக்கு வந்தது. சூடாக இருந்தது. "அன்னைக்கு உங்கப்பன்ற வண்டியில தார்பாய்க் கயிறு அவுந்திருந்துச்சு கண்ணு. நான் பாத்தேன். பாத்துட்டுக் கூப்பிடாம இருந்துட்டேன்."

சுபி எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் பார்வை மெதுவாக அம்மாவின் கைக்கு இறங்கியது. கேமராவில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.